கரையிலேயே கரைந்த கப்பல்: ‘அமெரிக்கன் ஸ்டார்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாதியாக முறிந்த பெரிய பயணிகள் கப்பல் ஒன்று அலைகளுக்கு நடுவே நிற்கும். பின்னால் ஒரு புல்கூட இல்லாத பழுப்பு நிற மலை. ‘பேய்க் கப்பல்’ என்ற தலைப்போடு இந்தப் படம் பல வருடங்களாகச் சுற்றி வருகிறது. இது நிஜமா, கணினியில் செய்த படமா என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்கும். நிஜம்தான். அதற்கு அடுத்து வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

இது எந்தக் கப்பல்? எந்த ஊர்க் கரை?

கரை ஒதுங்கியபோது அதன் பெயர் ‘அமெரிக்கன் ஸ்டார்’. இடம், ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு எதிரே அட்லாண்டிக்கில் இருக்கும் கேனரி தீவுகள். அவை ஸ்பெயினுக்குச் சொந்தமானவை. அவற்றில் ஒன்றான ஃபுவெர்தெவெந்துராவின் மேற்குப் பக்கத்தில், கார்செய் என்ற ஆளரவமற்ற கடற்கரையில் 1994 ஜனவரி 18 அன்று காலை இது தரைதட்டியது.

இப்போதும் அங்கே இருக்கிறதா?

இல்லை என்றே சொல்லலாம். நீங்கள் பார்க்கும் படங்கள் எல்லாம் 1994க்கும் 2007க்கும் இடையே எடுத்தவை. ‘போன வாரம் எடுத்தது’ என்று யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம்.

கப்பலைக் கட்டியது யார்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளம், யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் நிறுவனத்துக்காகக் கட்டியது. வடிவமைத்தவர் வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ். இதே மனிதர்தான் பின்னாளில் அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடந்து சாதனை படைத்த ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ கப்பலையும் வடிவமைத்தார்.

நம் கப்பலுக்கு முதலில் வைத்த பெயர் ‘அமெரிக்கா’. நீளம் 723 அடி. சுமார் 1,200 பயணிகளை ஏற்றும். அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் 1939 ஆகஸ்ட் 31 அன்று அதைக் கடலில் இறக்கிவைத்தார். மறுநாள் காலை ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. நல்ல நாள் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் தலையை ஆட்டிக்கொள்ளலாம்.

புகைபோக்கிகள் இரண்டு. முன்னால் இருந்தது வெறும் அழகுக்கு. புகை வந்தது பின்னால் இருந்ததில் மட்டும்தான். இரண்டையும் முதலில் குட்டையாக வைத்துவிட்டார்கள். மேல்தளத்தில் உலாவும் பயணிகள்மேல் கரி விழுந்தது. அதனால் 15 அடி உயர்த்த வேண்டியதாயிற்று. பழைய படங்களை வருட வாரியாக அடுக்கும்போது இந்தப் புகைபோக்கி ஒரு நல்ல அடையாளம். குட்டையாக இருந்தால் முதல் வருடம், இரண்டு இருந்தால் 1978 வரை, ஒன்றுதான் என்றால் அதற்குப் பிறகு.

பழைய படத்தில் பக்கவாட்டில் அவ்வளவு பெரிய எழுத்தில் பெயரும் கொடியும் வரைந்திருப்பது ஏன்?

உயிர்ப் பயம்தான். 1940 ஆகஸ்டில் கப்பல் முதல் பயணம் கிளம்பியபோது ஐரோப்பாவில் போர் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஜெர்மன் நீர்மூழ்கிகள் தவறிப்போய்ச் சுட்டுவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் கப்பலின் பெயர், நிறுவனத்தின் பெயர், அமெரிக்கக் கொடி எல்லாவற்றையும் ராட்சத அளவில் வரைந்தார்கள். இரவில் அவற்றின்மேல் வெளிச்சம் அடித்தபடியே ஓட்டினார்கள். வடஅட்லாண்டிக் சேவைக்காகக் கட்டிய கப்பல், அந்தப் பக்கமே போகாமல் கரீபியன் தீவுகளைச் சுற்றிவரும் உல்லாசப் பயணங்களில்தான் தொழிலைத் தொடங்கியது.

கப்பலில் ஜெர்மன் உளவாளிகள் இருந்தார்களாமே?

இருந்தார்கள். எர்வின் சீக்லர், ஃபிரான்ஸ் ஸ்டீக்லர் என்று இருவர். இரண்டு பேருமே கப்பல் ஊழியர்கள். டூகேன் என்பவரின் தலைமையில் இயங்கிய உளவுக் கும்பலுக்குத் தகவல் கடத்துவது அவர்கள் வேலை. 1941இல் எஃப்பிஐ அந்தக் கும்பலை மொத்தமாக வளைத்தது. 33 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அதில் இவர்களும் உண்டு.

போரில் இந்தக் கப்பல் என்ன செய்தது?

1941 மே மாதக் கடைசியில் கடற்படை கப்பலைக் கேட்டு வாங்கிக்கொண்டது. சாம்பல் வண்ணம் அடித்து, அறைகளைப் பிரித்து அடுக்குப் படுக்கைகள் போட்டு, ‘வெஸ்ட் பாயின்ட்’ என்று பெயர் மாற்றினார்கள். 1,200 பேருக்குக் கட்டிய இடத்தில் ஏழாயிரம், எட்டாயிரம் பேரை அடைத்துக்கொண்டு ஓடியது. போர் முடிவதற்குள் அது ஏற்றிச்சென்ற சிப்பாய்கள் 3,50,000க்கும் மேல்.

நமக்கு அதிகம் பழக்கமான கடலில் இந்தக் கப்பல் வாழ்ந்த அத்தியாயம் ஒன்று உண்டு. பிரிட்டனின் 18ஆவது டிவிஷனை ஏற்றிக்கொண்டு கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து 1941 நவம்பரில் கிளம்பிய அமெரிக்கக் கப்பல்களில் வெஸ்ட் பாயின்ட்டும் இருந்தது. அமெரிக்கா அப்போதும் போரில் இல்லை. பேர்ல் துறைமுகத் தாக்குதல் இவர்கள் கேப் டவுனை நெருங்கும்போதுதான் நடந்தது. டிசம்பர் கடைசியில் பம்பாய். அங்கிருந்து ஜனவரியில் சிங்கப்பூர்.

1942 ஜனவரி 29 அன்று சிங்கப்பூருக்குள் நுழையும்போது மலாயா முழுக்கப் பிரிட்டனின் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் ஜப்பானிய விமானங்கள் வந்தன. உடன் வந்த ‘வேக்ஃபீல்ட்’ கப்பல்மேல் குண்டு விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். வெஸ்ட் பாயின்ட் பெரிய சேதம் இல்லாமல் தப்பியது. பெண்கள், குழந்தைகள், கடற்படைத் தளத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாகக் கொழும்பு வந்து சேர்ந்தது. பதினைந்து நாளில் சிங்கப்பூர் விழுந்தது. கப்பல் கொண்டுபோய் இறக்கிய சிப்பாய்கள் ஜப்பானியரிடம் கைதிகளானார்கள். அவர்களில் பலர் பிறகு சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் வாரிக்கொண்டு போகப்பட்டு மடிந்த அதே மரண ரயில்பாதைதான்.

போருக்குப் பிறகு?

1946 நவம்பரில் மறுபடி ‘அமெரிக்கா’வாக, கட்டிய காலத்தில் நினைத்த நியூயார்க்–ஐரோப்பா வழித்தடத்துக்கே வந்தது. நல்ல வருடங்கள் என்றால் அடுத்த ஆறேழு வருடங்கள்தான். 1952இல் அதே நிறுவனத்தின் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ வந்தது; எல்லார் கண்ணும் அதன்மேல் போனது. அடுத்து ஜெட் விமானம் வந்தது. ஒரு வாரக் கடல் பயணம் ஒரு ராத்திரியில் முடிய ஆரம்பித்ததும் கப்பல் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையை மூடின.

‘ஆஸ்திரேலிஸ்’ என்ற பெயர் எப்போது வந்தது?

1964இல். கிரேக்கத்தின் சாண்ட்ரிஸ் நிறுவனம் கப்பலை வாங்கி, இருந்த வகுப்புப் பிரிவுகளை எல்லாம் எடுத்துவிட்டு, 2,258 பேர் போகும்படி இடத்தைப் பெருக்கியது. வேலை, ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர்களைக் கொண்டுபோவது. ஆட்கள் தேவைப்பட்ட ஆஸ்திரேலிய அரசு பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்ட காலம் அது. பிரிட்டிஷ்காரர்கள், கிரேக்கர்கள், இத்தாலியர்கள் என்று குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். ஆசியக் குடியேறிகளை ஆஸ்திரேலியா அப்போது பெரும்பாலும் ஏற்கவில்லை. அதனால் நம்மவர்கள் இந்தக் கதையில் இல்லை.

என்னைக் கேட்டால், கப்பலின் உண்மையான வாழ்க்கை இந்தப் பதின்மூன்று வருடங்கள்தான். ‘அமெரிக்கா’வில் போனவர்கள் திரும்பி வருவதற்குப் போனார்கள். ஆஸ்திரேலிஸில் போனவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு, சட்டி பானை முதல் கட்டிக்கொண்டு போனார்கள். ஆஸ்திரேலியாவில் இன்றும் பல குடும்பங்களில் அப்பா அம்மா வந்த கப்பல் என்று இதன் படத்தை வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

அடியும் பட்டிருக்கிறது. 1970 அக்டோபரில் பசிபிக்கில் சமையலறையில் தீப்பிடித்து, ஃபிஜியின் சுவா துறைமுகத்துக்குப் போய் ஒதுங்கியது. 1974 ஜூலையில் சிட்னி துறைமுகத்துக்குள் ‘மெல்போர்ன்’ என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலோடு உரசிக்கொண்டது. இரண்டுக்கும் லேசான காயம்.

1978இல் பயணிகள் கலகம் செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. கொஞ்சம் சிரிப்பும் வரும் கதை.

குடியேற்றப் பயணங்கள் 1977இல் முடிந்தன. நியூயார்க்கில் வென்ச்சர் குரூஸ் லைன்ஸ் என்ற புது நிறுவனம் 50 லட்சம் டாலருக்குக் கப்பலை வாங்கி, பழைய ‘அமெரிக்கா’ என்ற பெயரையே திரும்ப வைத்தது. பெயரில் இருந்த அக்கறை வேலையில் இல்லை. பழுதுபார்ப்பு முடியாமலே 1978 ஜூன் 30 அன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். குழாய்கள் ஒழுகின, கழிவறைகள் வேலை செய்யவில்லை, நடைபாதையில் குப்பையும் பழைய மெத்தைகளும் கிடந்தன. பணம் கொடுத்து ஏறியவர்கள் கூட்டமாகப் போய்க் கேப்டனை மடக்கினார்கள். கப்பல் நியூயார்க்கைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை; அன்று இரவே திரும்பி வந்து, ஆத்திரத்தோடு இருந்த பயணிகளை இறக்கிவிட்டது. ஜூலை மாதம் முடிவதற்குள் கடன்காரர்கள் வழக்குப் போட்டுக் கப்பலே ஜப்தியானது. ஏலத்தில் சாண்ட்ரிஸ் நிறுவனமே பத்து லட்சம் டாலருக்குத் திரும்ப வாங்கியது. சில மாதங்களுக்கு முன் 50 லட்சத்துக்கு விற்ற பொருள்!

கப்பலுக்கு மொத்தம் எத்தனை பெயர்?

வரிசையாகச் சொன்னால்: அமெரிக்கா, வெஸ்ட் பாயின்ட், மறுபடி அமெரிக்கா, ஆஸ்திரேலிஸ், மறுபடி அமெரிக்கா, இத்தாலிஸ், நோகா, அல்ஃபெர்தோஸ், கடைசியாக அமெரிக்கன் ஸ்டார். அழகுக்கு வைத்த முன் புகைபோக்கியைக் கழற்றியது இத்தாலிஸ் காலத்தில்.

பெயர்களைவிட முக்கியமானது அவற்றுக்கு நடுவே இருக்கும் சும்மா கிடந்த காலம். 1979 செப்டம்பரில் கிரேக்கத்தில் நங்கூரம் போட்டு நிறுத்திய கப்பல், அடுத்த பதினான்கு வருடம் தன் எஞ்சினில் ஓடவே இல்லை. நோகா என்றதும் அல்ஃபெர்தோஸ் என்றதும் நின்ற இடத்திலேயே மாறிய பெயர்கள். மிதக்கும் விடுதி ஆக்கப் போகிறோம், சிறைச்சாலை ஆக்கப் போகிறோம் என்று வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் காயலான் கடைக்கே போட்டுவிடலாம் என்று உடைக்கத் தொடங்கினார்கள். உயிர்காப்புப் படகுகளையும் அவற்றின் தாங்கிகளையும் கழற்றியதோடு அதுவும் நின்றுபோனது.

பிறகு ஏன் தாய்லாந்துக்குக் கொண்டுபோனார்கள்?

புக்கெட் கடற்கரைக்கு எதிரே ஐந்து நட்சத்திர மிதக்கும் ஹோட்டலாக நிறுத்துவது திட்டம். 1992இல் கப்பல் கைமாறியது. உலர்துறையில் ஏற்றிப் பார்த்தபோது, அத்தனை வருடம் கேட்பாரற்றுக் கிடந்தும் அடிப்பாகத்தின் இரும்பு நல்ல நிலையில் இருந்தது. அந்தக் காலத்து வேலை அப்படி. ‘அமெரிக்கன் ஸ்டார்’ என்று எழுதி, புகைபோக்கிக்குச் சிவப்பு வண்ணம் பூசினார்கள்.

சொந்த எஞ்சினிலேயே ஓட்டிப் போயிருக்கலாமே?

முடியாது. அந்த எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டுமென்றால் கொதிகலன்களையும் டர்பைன்களையும் முழுதாகப் பிரித்துச் சீர் செய்ய வேண்டும். ஹோட்டலாக ஓரிடத்தில் நிற்கப்போகும் கப்பலுக்கு அந்தச் செலவை யார் செய்வார்கள்? அதனால் கட்டி இழுத்துப் போகலாம் என்று முடிவெடுத்தார்கள். இழுக்கும்போது எதிர்ப்பு குறையட்டும் என்று பின்னாலிருந்த இரண்டு சுழலிகளையும் (புரொப்பெல்லர்) கழற்றி மேல்தளத்தில் வைத்துக் கட்டினார்கள்.

அந்தச் சுழலிகள் தளத்தில் கிடந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் சுற்ற வேண்டிய பொருள் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. கயிறு அறுந்தால் கப்பலுக்குச் செய்துகொள்ள ஒன்றுமே இல்லை. 220 மீட்டர் நீளமுள்ள இரும்புச் சுவர் காற்றுப் போன பக்கம் போகும். இந்தக் கப்பலைக் கடல் கொன்றது என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி வேலையைத்தான் கடல் செய்தது.

1994 ஜனவரியில் சரியாக என்ன நடந்தது?

‘நெஃப்தேகாஸ் 67’ என்ற உக்ரைன் இழுவைக் கப்பல் 1993 டிசம்பர் கடைசியில் கிரேக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பியது. சூயஸ் வழியாக அல்ல. மத்தியதரைக் கடலைக் கடந்து, ஜிப்ரால்டரில் வெளியேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலுக்கு வரும் நெடும் பாதை. நூறு நாள் ஆகும் என்று கணக்கு.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. கேனரி தீவுகளுக்கு அருகே நடுக்குளிர்காலப் புயலில் மாட்டினார்கள். இழுவைக் கயிறு அறுந்தது. ஆட்களைக் கப்பலில் ஏற்றி வேறு கயிறு கட்டப் பார்த்தார்கள். அந்த அலையில் நிற்கவில்லை. உதவிக்கு வேறு இழுவைகளும் வந்தன, பலன் இல்லை. ஜனவரி 17 அன்று கப்பல்மேல் இருந்தவர்களை ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டது. ஆளில்லாத கப்பல் அன்று இரவு முழுக்கக் காற்றில் தள்ளாடி, 18ஆம் தேதி விடியும் நேரத்தில் கார்செய் கரைக்குச் சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்தது.

யாராவது இறந்தார்களா?

தரைதட்டியபோது யாரும் இறக்கவில்லை. அதற்குப் பிறகு, வேடிக்கை பார்க்கவும் பொருள் எடுக்கவும் நீந்திப்போன சிலர் இறந்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் கையெட்டும் தூரம் போல இருக்கும். இடையில் ஓடும் நீரோட்டம்தான் ஆபத்து.

அவ்வளவு பெரிய கப்பல் இரண்டே நாளில் எப்படி முறிந்தது?

கப்பல் மிதக்கும்போது அதன் எடையை நீளம் முழுக்கத் தண்ணீர் தாங்குகிறது. அலை வரும்போது கொஞ்சம் வளையும், நிமிரும். அதைக் கணக்குப் பண்ணித்தான் கட்டுவார்கள். தரைதட்டியதும் இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. ஒரு பகுதி மணலில் அழுந்தி நிற்கும், இன்னொரு பகுதி அலையில் தூக்கி எறியப்படும். ஓதம் ஏறும்போது ஒரு பக்கம் வளையும், வற்றும்போது மறு பக்கம். ஒரு கம்பியை அதே இடத்தில் இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான்.

இன்னொன்று மணல். கப்பலைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதன் இரு முனைகளுக்கும் அடியிலிருந்து மணலை அரித்து எடுத்துவிடும். நாம் அலையில் நிற்கும்போது குதிகாலுக்கு அடியில் மணல் நழுவுவதும் இதே வேலைதான். தாங்குவதற்கு அடியில் ஒன்றும் இல்லாமல் ஆயிரக்கணக்கான டன் இரும்பு தொங்கும்.

ஃபுவெர்தெவெந்துராவின் மேற்குக் கரைக்கு வடமேற்கே திறந்த கடல்தான். வடஅட்லாண்டிக் புயல்களின் பெரிய அலைகள் தடையே இல்லாமல் அங்கே வந்து மோதும். முதல் 48 மணி நேரத்துக்குள் மிஞ்சியிருந்த புகைபோக்கிக்குச் சற்றுப் பின்னால் கப்பல் இரண்டாக முறிந்தது. பின்பாதி தனியாக நகர்ந்தது. முறிந்த இடத்தில் தளங்கள் மாடி மாடியாகத் திறந்து தெரிந்தன.

காப்பீட்டுப் பணத்துக்காக வேண்டுமென்றே விட்டுவிட்டார்களா?

எந்தக் கப்பல் கரை ஒதுங்கினாலும் இந்தச் சந்தேகம் வரும். வருவதற்குக் காரணமும் உண்டு, கடல் வணிகத்தில் அப்படி நடந்திருக்கிறது. இங்கே நான் அதை நம்பவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் புயலில் ஆட்களை ஏற்றி மறுகயிறு கட்டப் பார்த்திருக்கிறார்கள். ஜனவரி மாதத்தில், சுழலி இல்லாத கப்பலை, ஒரே ஓர் இழுவையை நம்பி அட்லாண்டிக்குக்குக் கொண்டுவருவது ஒன்றே போதும். சதி தேவையில்லை.

மீட்டிருக்க முடியாதா? சுத்தம் செய்வது யார் பொறுப்பு?

முறியாமல் இருந்திருந்தால் ஓதம் ஏறும் நேரம் பார்த்து இழுவைகள் வைத்து முயன்றிருக்கலாம். முறிந்த பிறகு பேச்சுக்கே இடமில்லை. 1994 ஜூலை 6 அன்று முழு இழப்பு என்று அறிவித்துக் கைகழுவினார்கள்.

பொறுப்பு என்ற கேள்விக்கு அன்றைக்கு உலகளவில் தெளிவான சட்டம் இருக்கவில்லை. முதலாளி ஒரு நாட்டில், பதிவு இன்னொரு நாட்டில், விபத்து மூன்றாவது நாட்டில் என்றால் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டு வருடங்களைக் கடத்திவிடலாம். கடலில் கிடக்கும் உடைந்த கப்பல்களை அகற்றுவது பற்றிய நைரோபி உடன்படிக்கை 2007இல்தான் கையெழுத்தானது, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அகற்றும் செலவுக்கென்றே காப்பீடு வைத்திருக்க வேண்டும். இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது.

உள்ளே இருந்த சாமான்கள் என்ன ஆயின?

எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். கண்காணிப்பு தளர்ந்ததும் படகிலும் கயிற்றிலும் ஏறி, கதவு, நாற்காலி, விளக்கு, வட்டக் கண்ணாடி ஜன்னல் என்று கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தீவின் வீடுகளிலும் ஓர் உணவகத்திலும் அவற்றில் சில இன்னும் புழக்கத்தில் உள்ளன. திருட்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்காமல் விட்டிருந்தால் அதுவும் கடலுக்குத்தான் போயிருக்கும். அந்த நாற்காலியில் இன்று யாரோ உட்கார்ந்து காபி குடிப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பதின்மூன்றே வருடத்தில் எப்படிக் காணாமல் போனது? வேறு கப்பல்கள் நூறு வருடமாக நிற்கின்றனவே?

நல்ல கேள்வி. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1996இல் பின்பாதி சரிந்து மூழ்கியது. முன்பாதி மட்டும் கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. புகழ்பெற்ற படங்கள் எல்லாம் அதைத்தான் காட்டுகின்றன. 2005 நவம்பரில் அதன் இடப்பக்கச் சுவர் உள்ளே இடிந்து, கப்பல் சாய்ந்தது. அடுத்த ஆண்டில் முழுதாகப் பக்கவாட்டில் விழுந்தது. 2007இல் வலப்பக்கமும் நொறுங்கிக் கடலுக்குள் போனது.

மற்ற கப்பல்களைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் கிகாரி தீவில் ‘மஹேனோ’ 1935 ஜூலையில் ஒதுங்கியது. கதை ஏறக்குறைய இதுவேதான்: பழைய பயணிகள் கப்பல், ஜப்பானுக்கு உடைக்க இழுத்துப் போனார்கள், புயலில் கயிறு அறுந்தது. அதன் எலும்புக்கூடு இன்னும் அங்கே நிற்கிறது. அமெரிக்காவின் ஆரெகன் கரையில் ‘பீட்டர் ஐரடேல்’ என்ற பாய்க்கப்பல் 1906 அக்டோபரில் ஒதுங்கியது. அதன் முன்பகுதி இன்னும் மணலில் தெரிகிறது. நமீபியாவில் ‘எட்வார்ட் போலன்’ 1909இல் மூடுபனியில் கரையேறியது. பாலைவன மணல் கடலைத் தள்ளித் தள்ளி, அது இன்று கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே, நடு மணலில் கிடக்கிறது.

வித்தியாசம் இடத்தில் இருக்கிறது. அந்த மூன்றும் மணலில் ஏறி உட்கார்ந்துவிட்டன. பாதி புதைந்த இரும்பை மணலே பிடித்துக்கொள்கிறது. அலை அவற்றைத் தொட்டாலும் வேகம் குறைந்த பிறகே தொடுகிறது. அமெரிக்கன் ஸ்டார் கரையேறவே இல்லை. அலை உடையும் கோட்டிலேயே, தண்ணீருக்குள் நின்றது. இரும்பு துருப்பிடிக்க உப்பும் காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு, மேட்டில் உப்புத் தண்ணீர் குறைவு. அலை தெறிக்கும் இடத்தில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். கப்பல், பாலம், துறைமுகத் தூண் எதுவானாலும் அந்த உயரத்தில்தான் முதலில் தின்றுவிடும். அதோடு ஒவ்வொரு குளிர்காலமும் அட்லாண்டிக்கின் அடி.

கூடப் பிறந்த ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ கப்பல் என்ன ஆனது?

1969இல் ஓய்வுபெற்று, பிலடெல்பியா துறைமுகத்தில் பல பத்தாண்டுகள் துருவேறி நின்றது. அதையும் ஹோட்டலாக்கலாம், அருங்காட்சியகமாக்கலாம் என்று வருடக்கணக்கில் பேசினார்கள். 2025 பிப்ரவரியில் இழுவைகள் அதை அலபாமாவின் மொபீல் நகருக்கு இழுத்துப் போயின. சுத்தப்படுத்தி, ஃபுளோரிடாவுக்கு எதிரே மீன்கள் குடியிருக்கச் செயற்கைப் பவளப்பாறையாக மூழ்கடிப்பது அப்போதைய திட்டம். அந்தப் பயணத்தில், நல்ல வானிலைக்காக நாள் தள்ளிக் காத்திருந்துதான் கிளப்பினார்கள்.

இப்போது போனால் எதையாவது பார்க்க முடியுமா?

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கார்செய் கடற்கரைக்குப் பஹாரா பகுதியிலிருந்து மண் பாதைதான். வழியில் கடையோ நிழலோ இல்லை, தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். கடல் நன்றாக உள்வாங்கும் நேரத்தில், அலை அடங்கியிருந்தால், துருப்பிடித்த இரும்பின் நுனி சில தெரியலாம். இறங்கிப் பார்க்கிறேன் என்று மட்டும் தண்ணீருக்குள் போகக் கூடாது. கூரிய இரும்பு அடியில் எங்கே கிடக்கிறது என்று தெரியாது, நீரோட்டமும் மோசம். ஒன்றும் கண்ணில் படவில்லையென்றால் வடக்கே சற்றுத் தள்ளி அஹூய் என்ற மீனவ ஊர் இருக்கிறது. அங்கே கருமணல் கரையும் குகைகளும் உண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மீனும் கிடைக்கும்.